ஒளிவழி என்னும் பெயர்

சிங்கப்பூர்த் தமிழில் தொலைக்காட்சிச் சேனலுக்கு ஒளிவழி என்று பெயர். வசந்தம் ஒளிவழி, 8-ஆம் ஒளிவழி என்று செய்தி வாசிப்பவர் சொல்வார். தமிழ் முரசு நாளிதழும் அப்படியே எழுதும். நாடகம் அந்த ஒளிவழியில் ‘ஒளியேறும்’. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து சேர்ந்தவர்கள் இந்த இரண்டு சொற்களிலும் முதலில் சற்றுத் தயங்கி நிற்பதைச் சிராங்கூன் சாலை உணவகங்களில் பலமுறை கவனித்திருக்கிறேன். அவர்கள் வாயில் வருவது சேனல். எழுத்தில் என்றால் அலைவரிசை. இலங்கையிலிருந்து வந்தவர்களும் அலைவரிசை என்கிறார்கள். ஒரே பெட்டியைப் பார்த்தபடி ஒன்றையே ஆளுக்கொரு பெயரில் அழைக்கும் மேசை அது.

இந்தப் பெயர்களில் சிங்கப்பூரின் சொல்லுக்குத் தனிக்கதை உண்டு. அது தொலைக்காட்சிக்கு வழங்கத் தொடங்கியபோது, அது சுட்டிய பொருளில் கண்ணுக்குத் தெரியும் ஒளி எதுவும் பயணம் செய்யவில்லை. தனியாக வெட்டிய வழியும் இல்லை. கோபுரத்திலிருந்து எல்லாத் திசைகளிலும் பரவிய வானொலி அலைதான் இருந்தது. பல ஆண்டுகள் கழித்து, அரசாங்கம் எடுத்த ஒரு கொள்கை முடிவால், அந்தச் சொல்லில் இருந்த ஒளியும் வழியும் உண்மையாகவே தரைக்கு அடியில் வந்து சேர்ந்தன. பொருள் முதலில் தோன்றும், பெயர் அதன் பின்னால் வரும் என்பதே சொல் வரலாற்றின் பொது வழக்கம். இங்கே பெயர் முன்னால் வந்து பொருளுக்காகக் காத்திருந்தது.

சிராங்கூன் பக்கத்து இடப்பெயர்கள் இதற்கு நேர்மாறானவை. சிராங்கூன் என்ற பெயரே இங்கிருந்த சதுப்பு நிலத்தில் திரிந்த ரங்கோங் என்னும் நாரை வகைப் பறவையின் மலாய்ப் பெயரிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். தேக்கா என்பது மூங்கிலடி என்று பொருள்படும் ஹொக்கியன் சொல். கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைக் கொட்டில். தமிழர்கள் இந்தச் சாலைப் பகுதியைச் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்த காலமும் உண்டு, சுண்ணாம்புக் காளவாய்கள் இங்கே எரிந்ததால். இன்று நாரையும் இல்லை, மூங்கிலும் இல்லை. எருமைக்கு மிச்சம் பஃபலோ ரோடு என்ற பெயர்ப்பலகை. சுண்ணாம்புக் கம்பத்தை முதியவர்களுக்கும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பொருள் போன பின்னும் பெயர் தங்கி நிற்கும் பகுதி இது. அந்தப் பகுதியின் பேச்சில் பொருளுக்கு முந்திய பெயர் ஒன்றும் உலவுவதுதான் என்னை இந்தச் சொல்லிடம் இழுத்தது.

சொல்லைப் பிரித்தால் ஒளி, வழி. ஒளிக்கு முன்னால் ஒலி இருக்கிறது. வானொலி வந்த காலத்தில் தமிழ் தன் பழைய சொல்லான ஒலியை எடுத்துக்கொண்டு ஒலிபரப்பு, ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, ஒலிப்பதிவு என்று ஒரு குடும்பத்தையே உருவாக்கியது. தொலைக்காட்சி வந்தபோது புதிய வேர் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. லகரம் இருந்த இடத்தில் ளகரத்தை வைத்தார்கள், ஒலிபரப்பு ஒளிபரப்பாயிற்று. ஓர் ஊடகத்திலிருந்து இன்னோர் ஊடகத்துக்கு ஓரெழுத்தில் கடந்து செல்லும் வாய்ப்பு வேறெந்த மொழிக்குக் கிடைத்ததோ தெரியாது, தமிழுக்குக் கிடைத்தது. அதற்கு விலையும் உண்டு. லகரத்தில் நுனிநாக்கு மேற்பல்லின் அடியைத் தொட வேண்டும், ளகரத்தில் வளைந்து அண்ணத்தை வருட வேண்டும். அந்த வேறுபாடு மங்கிய நாவில் வானொலியும் தொலைக்காட்சியும் ஒன்றாகிவிடும். இங்குள்ள தமிழ் வானொலியின் பெயர் ஒலி 96.8. அதை ரோமன் எழுத்தில் எழுதினால் ஒலியா ஒளியா என்று எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆங்கிலத்தையே நாள் முழுதும் பேசும் பிள்ளைகளுக்குத் தமிழாசிரியர்கள் இந்த இரண்டையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்பது வீண் பிடிவாதம் அல்ல. இங்கே ஓர் எழுத்து பிசகினால் ஓர் ஊடகமே மாறிப்போகும்.

வழி இன்னும் பழைய சொல், இன்னும் பெரிய சொல். நடக்கும் பாதை அது. வழிவழியாக என்னும்போது தலைமுறை. அஞ்சல் வழி, தொலைபேசி வழி என்னும்போது ஒன்றை நம்மிடம் சேர்க்கும் கருவி. சேனல் என்ற ஆங்கிலச் சொல்லின் மூதாதை நீரோடும் கால்வாய். இலங்கை 1982-ல் தன் தொலைக்காட்சிக்கு ரூபவாஹினி என்று பெயரிட்டது. வாஹினிக்குச் சமஸ்கிருதத்தில் ஆறு என்றும் பொருள். கால்வாயும் வாய்க்காலும் தமிழில் ஆயத்தமாக இருந்தும் சிங்கப்பூர்த் தமிழ் நீரை விட்டுவிட்டுப் பாதையைப் பிடித்தது. நல்ல தேர்வு என்றே நினைக்கிறேன். வாய்க்காலில் நீர் ஒரு பக்கம்தான் பாயும். வழியில் போகலாம், வரலாம்.

அலைவரிசை என்ற சொல்லோ தொழில்நுட்பத்தோடு தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டது. அலைகளை வரிசைப்படுத்தி, உனக்கு இது எனக்கு இது என்று பங்கிட்ட காலத்தின் சொல் அது. அலை இல்லாமல் கம்பியிலும் கண்ணாடியிலும் நிகழ்ச்சிகள் வரத் தொடங்கிய பின்னும் அலையைச் சுமந்துகொண்டு நிற்கிறது. அண்மையில் எங்கும் பரவியிருக்கும் நேரலை என்ற சொல்லும் அப்படித்தான். இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பாகும் பெரும்பாலான நிகழ்ச்சிகள் தம் பயணத்தின் பெரும்பகுதியை இழைக்குள்தான் முடிக்கின்றன.

ஒளிவழியைத் தனியாகப் பார்த்தால் அதன் அருமை பாதிதான் தெரியும். அதோடு சேர்ந்து வரும் வினையைப் பார்க்க வேண்டும். ஒளியேறு. நிகழ்ச்சி ஒளியேறுகிறது, பாடல் ஒலியேறுகிறது. தமிழ்நாட்டு வாசகர் முதல் தடவை கேட்கும்போது புருவத்தை உயர்த்துவார். ஆனால் இந்த ஏறு அவருக்குப் புதியதல்ல. கூத்தும் நூலும் அரங்கேறின. பேச்சாளர் மேடையேறினார். அச்சு வந்தபோது எழுத்து அச்சேறியது. ஒவ்வொரு புதிய ஊடகத்தையும் தமிழ் ஓர் உயரமாகவே கண்டது. படைப்பு கீழிருந்து ஏறி அங்கே போய் நிற்க வேண்டும். அந்த வரிசையில் இயல்பாக அடுத்து வரக்கூடியவை ஒலியேறுவதும் ஒளியேறுவதும்தான். சிங்கப்பூரும் மலேசியாவும் அந்த வாசலைத் திறந்தன. தமிழ்நாடு ஒளிபரப்பாகிறது என்பதோடு நின்றுவிட்டது.

இந்த வினையைக் கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அரங்கேறு, அச்சேறு, ஒளியேறு எல்லாம் தன்வினைகள். ஏற்றுபவர் வாக்கியத்தில் தோன்றுவதில்லை. ஆனால் அரங்கேற்றத்துக்கு ஓர் அவை ஒப்ப வேண்டும், அச்சுக்கு ஓர் ஆசிரியர் ஒப்ப வேண்டும், ஒளியேற ஓர் ஒளிபரப்புக் கழகம் ஒப்ப வேண்டும். யாரோ ஒருவர் வாசலில் இருக்கிறார். சொல் அவரை வெளியே காட்டவில்லை. இணையம் வந்தபோது தமிழ் மறுபடியும் அதே வேரைத்தான் எடுத்தது, ஆனால் பிறவினையாக: பதிவேற்று. இப்போது ஏற்றுபவர் முன்னால் வந்துவிட்டார், வாசலில் இருந்தவர் மறைந்துவிட்டார். ஊடகத் தொழில் முப்பது ஆண்டுகளில் மாறிய மாற்றத்தை இலக்கணத்தில் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

வாசலில் ஒருவர் இருந்த காலத்தில் தமிழ் எப்படி ஒளியேறியது என்று பார்க்கலாம். சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. தொடங்கிவைத்தவர் அன்றைய கலாசார அமைச்சர் சி. ராஜரத்தினம், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர். அந்த ஆண்டுக்குள்ளேயே 8-ஆம் ஒளிவழியும் வந்தது. மலாயும் ஆங்கிலமும் 5-ஆம் ஒளிவழியில், சீனமும் தமிழும் 8-இல் என்று பங்கீடு. நான்கு அதிகாரத்துவ மொழிகள், இரண்டு ஒளிவழிகள். கணக்கு எளிமையானது, அதில் தமிழுக்குக் கிடைத்த நேரம் சிறியது. ஆனால் அது ஒதுக்கப்பட்ட நேரம். 1990-களின் நடுவில் தமிழ் நிகழ்ச்சிகள் 12-ஆம் ஒளிவழிக்கு மாறின. 2000-ஆம் ஆண்டில் வசந்தம் சென்ட்ரல் என்று பெயர் பெற்றன. அதே ஒளிவழியைச் சிறுவர் நிகழ்ச்சிகளோடும் கலை நிகழ்ச்சிகளோடும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. 2008 அக்டோபர் 19 அன்று வசந்தம் தனி ஒளிவழியானது. தொலைக்காட்சி தொடங்கி 45 ஆண்டுகள் கழித்துத் தமிழுக்கு முழு வழி கிடைத்தது.

இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு மாதத்துக்கும் குறைவான நாள்களுக்கு முன், 2008 செப்டம்பர் 26 அன்று, தகவல்தொடர்பு மேம்பாட்டு ஆணையம் அடுத்த தலைமுறை நாடளாவிய அகன்ற அலைவரிசைக் கட்டமைப்பை அமைக்கும் பொறுப்பை ஓப்பன்நெட் என்ற கூட்டு நிறுவனத்திடம் ஒப்படைப்பதாக அறிவித்தது. சிங்கப்பூரின் ஊடக வரலாற்றை எழுதுபவர்கள் இந்த இரண்டு நிகழ்வுகளையும் ஒரே பக்கத்தில் எழுதுவதில்லை. எழுத வேண்டும். தமிழுக்குப் பழைய பொருளில் முழு ஒளிவழி கிடைத்த அதே பருவத்தில்தான் புதிய பொருளில் ஒளிவழிக்கான வேலை தொடங்கியது.

அதற்கு முன்னால் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1992-ல் தேசியக் கணினி வாரியம் ஐடி2000 என்ற திட்டத்தில் அறிவார்ந்த தீவு என்ற கனவை முன்வைத்தது. 1998-ல் சிங்கப்பூர் ஒன் தொடங்கியது, எல்லோருக்கும் ஒரே கட்டமைப்பு என்ற பொருளில். தொலைபேசிக் கம்பி வழியாக சிங்டெல்லும், கேபிள் வழியாக சிங்கப்பூர் கேபிள் விஷனும் வீடுகளுக்குள் வந்தன. அவற்றில் ஒரு சிக்கல். கம்பி யாருடையதோ அவரே சேவையையும் விற்றார். சாலை போட்டவரே அதில் ஓடும் எல்லாப் பேருந்துகளையும் வைத்திருந்தால் பயணிக்கு என்ன தேர்வு இருக்கும்?

2008-ன் கொள்கை இந்தக் கட்டை அவிழ்த்தது. வேலையை மூன்றாகப் பிரித்தார்கள். தரைக்கடியில் குழாய்களிலும் அடுக்குமாடிகளின் உட்சுவர்களிலும் இழையைக் கொண்டுபோய் ஒவ்வொரு வீட்டிலும் முடிப்பது ஒருவர் வேலை. அவர் தருவது வெறும் இழை. அதில் ஒளி இராது, தொழில்துறையினர் அதை இருட்டு இழை என்பார்கள். அந்த இழையின் முனைகளில் கருவிகளைப் பூட்டி ஒளியைச் செலுத்துவது இன்னொருவர் வேலை. 2009-ல் அதற்குத் தேர்வானது நியூக்ளியஸ் கனெக்ட். வீட்டுக்காரரிடம் வந்து மாதக்கட்டணம் பேசி விற்பவர்கள் மூன்றாம் தரப்பு, அவர்கள் எத்தனை பேராகவும் இருக்கலாம். முதல் இருவரும் யார் வந்து கேட்டாலும் ஒரே நிபந்தனையில் தர வேண்டும். இழை அமைக்க 750 மில்லியன் வெள்ளி வரையிலும், ஒளியேற்ற 250 மில்லியன் வெள்ளி வரையிலும் அரசாங்கம் மானியம் அறிவித்தது.

சொல்லாராய்ச்சிக்காரன் கண்ணில் இது வேறொன்றாகத் தெரிகிறது. ஒருவரிடம் வழி, மற்றவரிடம் ஒளி. கொள்கை வகுத்தவர்கள் ஒரு தமிழ்க் கூட்டுச்சொல்லை அது சேரும் இடத்திலேயே பிரித்து இரண்டு நிறுவனங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை. ஆனால் தொலைக்காட்சிக் காலத்து ஒளிவழியையும் இழைக் காலத்து ஒளிவழியையும் பிரிக்கும் கோடு இதுதான். அன்று நிகழ்ச்சியைத் தயாரித்ததும் அதை அனுப்பியதும் ஒரே நிறுவனம். கால்டிகாட் குன்றின் படப்பிடிப்பு அரங்கமும் புக்கிட் பாத்தோக் கோபுரமும் ஒரே கையில் இருந்தன. வழியும் அதில் வருவதும் ஒன்றென்றே சொல் நினைத்தது, வசந்தம் ஒளிவழி என்றால் நிகழ்ச்சித் தொகுப்பும் அது வரும் பாதையும் சேர்ந்தே பொருளாயிற்று. இன்று வசந்தம் என்பது தொகுப்பு மட்டும். வழி வேறொருவருடையது.

ஓப்பன்நெட்டின் பங்குதாரர் பட்டியலில் இன்னொரு பெயரும் இருந்தது. கனடாவின் ஆக்ஸியா நிறுவனமும் சிங்டெல்லும் தலா 30 விழுக்காடு, எஸ்பி டெலிகம்யூனிகேஷன்ஸ் 15 விழுக்காடு. எஞ்சிய 25 விழுக்காடு சிங்கப்பூர் பிரெஸ் ஹோல்டிங்ஸ் வசம். கோ. சாரங்கபாணி 1935-ல் தொடங்கிய தமிழ் முரசு அப்போது அந்தக் குழுமத்தின் நாளிதழ்களில் ஒன்று. செய்தித்தாளின் விளம்பர வருமானத்தைக் கரைக்கப்போகும் வழியைச் செய்தித்தாள் நிறுவனமே கால் பங்கு போட்டு வெட்டியது. அது தவறான கணக்கு என்று நான் சொல்ல வரவில்லை. எங்கே ஒளி போகிறதோ அங்கே தாமும் இருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். 2013-ல் ஓப்பன்நெட்டை நெட்லிங்க் டிரஸ்ட் வாங்கியது, குழுமம் வெளியே வந்தது. 2021-ன் முடிவில் செய்தித்தாள் தொழில் லாபநோக்கில்லாத தனி அறநிறுவனமாகப் பிரிந்தது. 2022-ல் அதற்கு ஐந்தாண்டுகளுக்கு, ஆண்டுக்கு 180 மில்லியன் வெள்ளி வரை தருவதாக அரசாங்கம் அறிவித்தது. ஒரு காலத்தில் வழிக்கு முதல் போட்ட தொழில் இன்று வழிச்செலவுக்குக் கைநீட்ட வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் அகன்ற அலைவரிசை என்ற பெயரையும் கேள்வி கேட்க வேண்டும். பிராட்பேண்டுக்குத் தமிழில் பல பெயர்கள் உலவுகின்றன. அகலப்பட்டை, அகலக்கற்றை, அகன்ற அலைவரிசை, தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அகண்ட அலைவரிசை. கடைசிப் பெயர் பிழை. அகண்டம் என்பது துண்டுபடாதது என்ற பொருளில் வந்த வடசொல். அகண்ட தீபம் என்றால் விடாமல் எரியும் விளக்கு. அகல் என்னும் தமிழ் வினையிலிருந்து வருவது அகன்ற. காதுக்கு இரண்டும் அருகருகே ஒலிப்பதால் விரிவானது என்று சொல்ல நினைத்தவர்கள் பிளவுபடாதது என்று எழுதிவிட்டார்கள். சிங்கப்பூரின் கொள்கையே பிளவுபடுத்தியதால் வெற்றி பெற்றது என்பதை நினைக்கும்போது அந்தச் சொல் இங்கே இன்னும் பொருந்தாது. அகன்ற என்பது சரி. ஆனால் இழைக்குள் ஓடுவதை அலைவரிசை என்பது பழைய வீட்டு முகவரிக்குக் கடிதம் எழுதுவது.

அலைவரிசை என்ற பெயருக்கு உரிய பொருள் இதே காலத்தில் கைமாறியது என்பதும் உண்மை. பழைய தொலைக்காட்சியில் ஒவ்வோர் ஒளிவழிக்கும் 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் அகலம் தேவைப்பட்டது. வானத்தில் அப்படிப்பட்ட இடம் குறைவு. இரண்டு ஒளிவழிகளை நான்கு மொழிகள் பகிர்ந்த காலம் அது. மின்னிலக்க ஒளிபரப்பில் அதே 8 மெகாஹெர்ட்ஸுக்குள் பல ஒளிவழிகளை அடுக்கலாம். மிச்சப்பட்ட இடத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியும் அடங்கும். 2017-ல் அதுவும் வேறு சில பகுதிகளும் ஏலத்துக்கு வந்தன. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மொத்தம் ஏறத்தாழ 1.15 பில்லியன் வெள்ளி கொடுத்தன. 2019 ஜனவரித் தொடக்கத்தில் பழைய ஒளிபரப்பு நின்றது. தொலைக்காட்சி இருந்த அலை கைத்தொலைபேசிக்குப் போயிற்று. அதே ஆண்டில் தொலைத்தொடர்பு நிறுவனமான ஸ்டார்ஹப் தன் கேபிள் வாடிக்கையாளர்களை இழைக்கு மாற்றி முடித்தது. சிராங்கூன் வட்டார வீடுகளில் கேபிள் வழியாகச் சன் டிவி பார்த்துப் பழகியவர்களும் அதில் அடக்கம். சொல் சுட்டிய திசைக்குத் தொழில்நுட்பம் வந்து சேர்ந்த ஆண்டு என்று 2019-ஐக் குறிக்கலாம்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் வரவேற்பறை மூலையில் சுவரோடு ஒட்டியிருக்கும் சின்ன வெள்ளைப் பெட்டியைப் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. முதற்கட்ட விரிவாக்கத்தில் அதைக் கட்டணமில்லாமல் பொருத்தினார்கள். 2012-ன் நடுப்பகுதிக்குள் வீடுகளிலும் கட்டடங்களிலும் 95 விழுக்காட்டை இழை எட்டியது. அந்தப் பெட்டிக்குள் வந்து முடியும் கண்ணாடியின் நடுக்கரு 9 மைக்ரான் அளவே. கரு ஒரு வகைக் கண்ணாடி, அதைச் சுற்றிய உறை சற்றே வேறு வகை. கருவிலிருந்து வெளியேற முயலும் ஒளி உறையில் பட்டு முழுமையாக உள்ளே திரும்புகிறது. இப்படித் திரும்பித் திரும்பியே கிலோமீட்டர் கணக்கில் போகிறது. வீட்டுக்கு வருவது 1490 நானோமீட்டர், வீட்டிலிருந்து போவது 1310. இரண்டும் அகச்சிவப்புக்குள் அடங்கும், நம் கண்ணுக்குத் தெரியாது. இணைப்பைக் கழற்றி எட்டிப் பார்த்தால் இருட்டுதான் இருக்கும் (அப்படிப் பார்க்கக் கூடாது, கண்ணுக்கு ஆபத்து). தமிழில் ஒளி என்றால் வெளிச்சம். அதே வடிவம் வினையானால் மறைந்திரு. இரண்டு பொருளும் ஒருசேர உண்மையாகும் இடம் அந்த இழை. போவதும் வருவதுமாக இரண்டு ஒளிகள் ஒரே பாதையில் நடப்பதால் வாய்க்காலை விட்டு வழியைத் தேர்ந்ததும் சரியாகிவிட்டது.

இப்படி எல்லா வகையிலும் பொருந்திய பெயரை நாம் அந்தப் பொருளுக்கு வைக்கவில்லை. இழைக்குக் கண்ணாடியிழை என்கிறோம், ஃபைபர் என்கிறோம். ஒளிவழி தொலைக்காட்சியோடேயே நின்றுவிட்டது. தொலைக்காட்சியோ மெல்ல வேறொரு சொல்லுக்குள் குடிபோய்க்கொண்டிருக்கிறது. அந்தச் சொல் தளம். இணையத்தளம், ஓடிடி தளம், காணொளித் தளம். வசந்தத்தை நடத்தும் மீடியாகார்ப் நிறுவனம் 2013-ல் டோகல் என்று தொடங்கி 2020-ல் மீவாட்ச் என்று பெயர் மாற்றியதும் ஒரு தளம்தான். வசந்தத்தின் நாடகங்கள் அங்கே எந்நேரமும் கிடைக்கின்றன. வழியில் ஒன்று நம்மிடம் வந்து சேரும். தளத்துக்கு நாம் போக வேண்டும், போய்த் தேட வேண்டும். எட்டரை மணிச் செய்திக்குப் பின் ஏதோ ஒரு நாடகம் தானாக வந்து நின்ற வீட்டில் தமிழ் காதில் விழுந்துகொண்டிருந்தது. தேடிப் போகிறவர் மட்டுமே கேட்பார் என்றால், தேடத் தெரியாத பிள்ளையின் காதில் அது விழாது.

என் கவலை முழுவதும் இந்த இடத்தில் இருக்கிறது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் தமிழையே அதிகம் பேசுவதாகச் சொன்னவர்கள் 3.3 விழுக்காடு, 2020-ல் 2.5. இழை வீடுதோறும் வந்து சேர்ந்த பத்தாண்டு அது. ஒன்றினால் மற்றது விளைந்தது என்று நான் சொல்ல மாட்டேன், வீட்டில் ஆங்கிலம் வளர்வதற்குப் பள்ளி, வேலை, திருமணம் என்று பல காரணங்கள். ஆனால் அலை அரிதாக இருந்த காலத்தில் எங்கள் பங்கு எங்கே என்று கேட்க ஓர் இடம் இருந்தது. அரிய பொருளில்தான் பங்கு கேட்க முடியும். கணக்கற்ற காணொளிகள் கிடைக்கும் வெளியில் தமிழுக்கு எவ்வளவு இடம் என்ற கேள்விக்கே பொருளில்லாமல் போகிறது. இடம் எல்லோருக்கும் உண்டு, முகப்பில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஆண்டுக்கு 110 வெள்ளி வானொலி தொலைக்காட்சி உரிமக் கட்டணம் 2011-ல் நீக்கப்பட்டது. அன்றுமுதல் பொதுச்சேவை ஒளிபரப்புக்குப் பொதுப்பணமே ஆதாரம். பொதுப்பணத்தில் நடக்கும் தளத்தின் முகப்பில் நான்கு மொழிகளும் கண்ணில் படவேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. 1963-ல் 8-ஆம் ஒளிவழியில் நேரம் கேட்ட அதே உரிமைதான், கேட்கும் இடம் மட்டும் மாறியிருக்கிறது.

சொல்லில் நாம் பின்தங்கியவர்கள் அல்ல. இணையம் என்ற சொல்லைத் தந்தவராகத் தமிழுலகம் போற்றுவது சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியை. தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர். கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியவர். 1995-ல் சிங்கப்பூர்க் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது தமிழும் அதில் ஏற உழைத்தவர். 1997-ல் இங்கே நடந்த முதல் தமிழிணைய மாநாட்டிலும் முன்நின்றார். 1999-ல் மறைந்துவிட்டார், நாட்டில் இழை பரவுவதை அவர் பார்க்கவில்லை. அவர் வழங்கிய சொல்லின் வலிமை எதில் இருக்கிறது என்று பாருங்கள். அதில் கம்பி இல்லை, அலை இல்லை, வலைகூட இல்லை. இணைவது மட்டும் இருக்கிறது. அதனால் தொலைபேசி மோடம், கேபிள், இழை, ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசி என்று எல்லாவற்றையும் கடந்து மாறாமல் நிற்கிறது. உலகத் தமிழர் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். இந்த ஊரில் பிறந்த ஒரு சொல் அவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றால் இன்னொன்றும் போகலாம்.

2024 பிப்ரவரியில் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் இழைக் கட்டமைப்பை விநாடிக்கு 10 கிகாபிட் வேகத்துக்கு உயர்த்த 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்குவதாக அறிவித்தது. 2028-க்குள் 500,000 குடும்பங்கள் அந்த வேகத்துக்கு மாற வேண்டும் என்பது இலக்கு. அதற்கான கையேடுகளும் விளம்பரங்களும் நான்கு மொழிகளில் வந்தபடியே இருக்கும். அவற்றின் தமிழ்ப் பக்கத்தில் கண்ணாடியிழை அகன்ற அலைவரிசைச் சேவை என்ற நீண்ட தொடர் இருக்கும் இடத்தில் ஒளிவழி இணையம் என்று போடலாம். மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு தடை சொல்வார்கள்: வசந்தத்தையும் ஒளிவழி என்கிறோமே, வாசகர் குழம்ப மாட்டாரா? மாட்டார். வழி என்று சொல்லிவிட்டு எந்த வழி என்று சூழலை வைத்துப் புரிந்துகொள்வது தமிழருக்குப் பழக்கமான வேலை. வசந்தம் ஒளிவழி என்றால் நிகழ்ச்சி, ஒளிவழி இணையம் என்றால் அது வந்து சேரும் பாதை. பிரிந்துபோன இரண்டையும் ஒரே பெயர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும். மாதக்கட்டணம் கட்டி வாங்கும் இழைக்கும், பிள்ளை கேட்க வேண்டிய தமிழுக்கும் தொடர்பு உண்டு என்பதும் கையேட்டை வாங்கிப் படிக்கும் பெற்றோர் கண்ணில் படும்.